புதுநன்மைக்குப் பிள்ளையைத் தயார் செய்வது: ஜூனில் தொடங்கி மே வரை

என் மகளின் புதுநன்மைக்கு, அதாவது பூசையில் இயேசுவின் திருவுடலாகத் தரும் அப்பமான நற்கருணையை முதன்முதலாக வாங்கும் நாளுக்கு, முந்தின இரவு. வெள்ளைக் கவுன் இஸ்திரி போட்டு அலமாரிக் கதவில் தொங்கியது. ஊரிலிருந்து வந்த சொந்தங்கள் ஹாலில் படுத்திருந்தார்கள். தூங்கப் போகிற நேரத்தில் அவள் மெதுவாகக் கேட்டாள்: “அம்மா, அந்த அப்பம் நெசமாவே இயேசுதானா? இல்ல, சும்மா அப்படிச் சொல்றாங்களா?”

பத்துக் கட்டளைகளையும் திருச்சபையின் புனிதச் சடங்குகளான ஏழு அருட்சாதனங்களையும் தடுமாறாமல் ஒப்பிக்கிற பிள்ளை. எனக்கோ வாய் எழவில்லை. “காலையில சொல்றேன், தூங்குடா” என்றேன். காலையிலும் சொல்லவில்லை. அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுவதும் நான் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) சான்றிதழுக்கும் தையல்காரரிடமும் அலைந்துகொண்டிருந்தேன். அவளோடு உட்கார்ந்து பேச வேண்டிய மாதங்கள் அப்படியே போயின. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

2 வருடம் கழித்து மகனின் முறை வந்தபோது வரிசையை மாற்றினேன். காகித வேலையெல்லாம் ஜூன், ஜூலையில் முடிந்தது. மீதி மாதங்களைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். இது தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளுக்கு, அதாவது ஒரு கோவிலையும் அதன் சாமியாரையும் சார்ந்த வட்டாரங்களுக்கு, பொருந்தும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகளில் திடப்படுத்தல், திருவிருந்து ஆகியவற்றின் வயதும் முறையும் வேறு.

1. எந்த வயதில், எந்தப் பங்கில்

திருச்சபைச் சட்டம் ‘புத்தி தெளிந்த வயது’ என்று சொல்கிறது. 7 வயது முடிந்தால் அந்த நிலை வந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். நடைமுறையில் 3, 4 அல்லது 5-ஆம் வகுப்பு என்று ஒவ்வொரு பங்கும் ஒரு கணக்கு வைத்திருக்கும். உங்கள் பங்கின் கணக்கு என்ன என்பதைப் பிள்ளை 2-ஆம் வகுப்பில் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.

குடியிருக்கிற பங்கில் கொடுப்பதுதான் எளிது. தாத்தா பாட்டி இருக்கிற ஊரில், பங்குத் திருவிழாவோடு சேர்த்துக் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அப்படியானால் குடியிருக்கிற பங்குச்சாமியிடமிருந்து அனுமதிக் கடிதமும், பிள்ளை மறைக்கல்வி (செபமும் விசுவாசமும் கற்றுத்தரும்) வகுப்பு முடித்ததற்கான சான்றும் எடுத்துப் போக வேண்டும். ஊர்ச் சாமியாரிடம் முதலில் வாயால் கேட்டுவிட்டு, பிறகு கடிதத்துக்கு அலையுங்கள். நடுவில் ஊர்ச் சாமியார் மாற்றலாகிப் போவதும் நடக்கும். அதனால் புதிதாக வருகிறவரிடமும் ஒரு முறை பேசிக்கொள்ளுங்கள்.

வீடு மாறி வந்தவர்களுக்கு இன்னொரு விஷயம். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறோம் என்பதால் மட்டும் நீங்கள் அந்தப் பங்கின் குடும்பம் ஆகிவிடவில்லை. குடும்பப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதற்கு வழி, உங்கள் தெருவின் அன்பியப் பொறுப்பாளர். அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழு. அவரைத் தெரிந்துகொண்டு 2 கூட்டத்துக்குப் போய்வாருங்கள். ஆயிரம் குடும்பம் இருக்கிற பங்கில் சாமியாருக்கு உங்களைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அன்பியப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால் பதிவு சுலபமாகும். பங்கு வரி பாக்கி இருந்தால் ஒளிக்காமல் சொல்லி, முடிந்ததைக் கட்டுங்கள்.

2. திருமுழுக்குச் சான்றிதழை ஜூன் மாதமே கேளுங்கள்

நான் சிக்கிக்கொண்டது இங்கேதான். நம் பக்கத்தில் முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் அம்மா வீட்டு ஊரில்தான் ஞானஸ்நானம் கொடுக்கிறோம். பதிவேடு அங்கேதான் இருக்கும். சான்றிதழ் அங்கிருந்துதான் வர வேண்டும். ஞானஸ்நானத்தன்று கொடுத்த அட்டையை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அது நினைவு அட்டைதான், செல்லாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பங்கு முத்திரையும் பதிவேட்டு எண்ணும் உள்ள சான்றிதழ்தான் வேண்டும்.

கேட்கும்போது இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ஞானஸ்நானம் கொடுத்த தேதி, குறைந்தது மாதமும் வருடமுமாவது, அன்று வைத்த பெயர், அப்பா அம்மா பெயர், ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர், பிறந்த தேதி. தேதி மறந்துவிட்டால் பழைய போட்டோக்களைப் பாருங்கள், அல்லது ஞானத்தாயைக் கேளுங்கள். தேதி இருந்தால் கோவில் பணியாளரான உபதேசியார் கால் மணி நேரத்தில் எடுத்துவிடுவார். இல்லாவிட்டால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். பல பங்குகளில் திங்கட்கிழமை அலுவலகம் இருக்காது. ஊர்த் திருவிழாக் கொடியேறிய பிறகு யாரும் பதிவேட்டைத் திறக்கப் போவதில்லை. தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5-இல் முடியும், வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. அந்தந்த ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். கிறிஸ்துமஸ் நேரமும் ஈஸ்டருக்கு முந்தின புனித வாரமும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் படம் எண்ணைச் சரிபார்க்கத்தான் உதவும். அசலைத் தபாலிலோ யாராவது வரும்போதோ வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு மகள் விஷயத்தில் 7 வாரம் ஆனது. மகனுக்கு, விவரத் தாள் சரியாக இருந்ததால், 9 நாள்.

பெயர்ச் சிக்கல் பலருக்கும் வரும். ஞானஸ்நானத்தில் புனிதர் பெயர், ஆதாரில் கூப்பிடும் பெயர். பதிவேட்டில் இருப்பதை அடித்து மாற்றச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள், அவர்கள் அப்படிச் செய்யவும் கூடாது. பிறப்புச் சான்றிதழின் நகலைச் சேர்த்துக் கொடுத்து, இரண்டு பெயரும் ஒரே பிள்ளையுடையதுதான் என்று உங்கள் பங்குச்சாமியிடம் நேரில் விளக்குங்கள். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பதிவே கிடைக்கவில்லை என்றால் கலங்க வேண்டாம். ஞானஸ்நானத்தை நேரில் பார்த்த நம்பகமான ஒரே ஒரு சாட்சி சொன்னாலும் போதும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. ஞானப்பெற்றோர் எழுதித் தரும் கடிதத்தோடு சாமியாரைப் பாருங்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானமே ஆகவில்லை, 7 வயதும் தாண்டிவிட்டது என்றால் பாதை வேறு. பெரியவர்களைப் போலத் தயாரிப்புப் பெற்றுத்தான் திருமுழுக்கு. ஒரு வருடத்துக்குக் குறையாமல் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

சான்றிதழோடு சில பங்குகளில் பெற்றோரின் திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழின் நகல், 2 பாஸ்போர்ட் அளவுப் போட்டோவும் கேட்பார்கள். உங்கள் திருமணம் கோவிலில் நடக்கவில்லை, அல்லது துணைவர் வேறு மதம் என்றால், வகுப்பு தொடங்குமுன் சாமியாரிடம் தனியாகப் பேசிவிடுங்கள். மே மாதத்தில் படிவத்தைப் பார்த்துத்தான் தெரியவருகிறது என்ற நிலை வந்தால், சங்கடப்படப் போவது பிள்ளை.

3. மறைக்கல்வி வகுப்பு

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே ஞாயிறு மறைக்கல்வியும் தொடங்கிவிடும். வருகைப் பதிவு எடுப்பார்கள். மே மாதம் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைத்து, பிள்ளையை அடுத்த வருடத்துக்குத் தள்ளவேண்டி வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சேரும் நாளில் ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: செபங்கள் எந்த வடிவத்தில்? பாட்டி வீட்டில் சொல்வது ‘பிதாவே’, வகுப்பில் ‘தந்தையே’. பாட்டிக்குப் பிரியதத்த மந்திரம், வகுப்பில் ‘அருள் நிறைந்த மரியே’. இரண்டும் கலந்து பிள்ளை வரிசையில் நின்று திணறுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். விசுவாசப் பிரமாணமும் சிறியது, பெரியது என்று இரண்டு உண்டு. எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு, மாதத்துக்கு ஒரு செபமாகப் பழக்குங்கள். பாட்டி சொல்லும் வடிவம் தவறு என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். இரண்டும் ஒரே செபம்தான், பாட்டி அந்தக் காலத்துத் தமிழில் சொல்கிறார் என்று சொன்னால் அவர்களுக்குப் புரிகிறது.

4. வீட்டில் பேசுவது

வகுப்பில் 40 பிள்ளைகள், வாரத்தில் ஒரு மணி நேரம். அதற்குள் செபமும் கட்டளையும் சொல்லிக்கொடுக்கத்தான் நேரம் இருக்கும். ‘நெசமாவா?’ என்ற கேள்வி அங்கே வராது. அது இருட்டில், பைக்கில் போகும்போது, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வரும். கேட்கப்படும் ஆள் நீங்கள். அதனால் முதலில் உங்களைத் தயார் செய்துகொள்ளுங்கள். யோவான் நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தையும், லூக்கா 24-இல் எம்மாவு வழியில் நடந்ததையும் நிதானமாக இரண்டு மூன்று முறை வாசியுங்கள். மகளின் புதுநன்மைக்கு முன்னால் நான் செய்யாமல் விட்டது இதுதான்.

மகனோடு நான் யோவான் 6-இல் தொடங்கினேன். அங்கே ஒரு சிறுவன் வருகிறான். அவனிடம் 5 வாற்கோதுமை அப்பம், 2 மீன். அவன் பெயர்கூட எழுதப்படவில்லை. தன் சாப்பாட்டைக் கொடுத்த அந்தச் சிறுவனைப் பற்றி என் மகன் ஒரு வாரம் கேள்வி கேட்டான். அவன் அம்மா திட்டினார்களா, அவனுக்குப் பசிக்கவில்லையா என்று. அதே அதிகாரத்தில்தான் பிறகு இயேசு “வாழ்வு தரும் உணவு நானே” என்கிறார். ஆகவே கதை நம்மை நேராக நற்கருணைக்குக் கொண்டுபோய் விடுகிறது.

பெற்றோர் அதிகம் தவறுவது ஒரு சொல்லில். பிள்ளைக்கு எளிதாக இருக்கட்டும் என்று “அது இயேசுவோட அடையாளம்”, “இயேசு மாதிரி” என்று சொல்லிவிடுகிறோம். கத்தோலிக்க விசுவாசம் அது அல்ல. நான் மகனிடம் சொன்னது இவ்வளவுதான்: “கண்ணுக்கு அப்பம் மாதிரிதான் தெரியும். நாக்குக்கும் அப்பம் மாதிரிதான் இருக்கும். ஆனா பூசையில ஃபாதர் இயேசு சொன்ன வார்த்தையைச் சொல்லும்போது அது இயேசுவாவே ஆயிடுது. எப்படின்னு என்னால விளக்க முடியாது. இயேசு சொன்னாரு, அதனால நம்புறேன்.” அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப உனக்கும் முழுசாத் தெரியாதா?” என்றான். தெரியாது என்றேன். மாற்கு 9-இல் நோயுற்ற மகனைக் கொண்டுவந்த அப்பா ஒருவர், நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும் என்று இயேசுவிடம் கெஞ்சுவார். அந்த வசனத்தை அன்று இரவுச் செபத்தில் இருவரும் சேர்ந்து சொன்னோம். பக்கத்து அறையிலிருந்த மகள், வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்தாள்.

வரக்கூடிய மற்ற கேள்விகள். கடித்தால் இயேசுவுக்கு வலிக்குமா? வலிக்காது, அவர் உயிர்த்துவிட்டார், இனி அவருக்குச் சாவும் வேதனையும் இல்லை. சிறு துண்டு கிடைத்தால் கொஞ்சம் இயேசுதானா? இல்லை, ஒவ்வொரு துண்டிலும் முழுமையாக இருக்கிறார். கடற்கரை ஊர்களில் நாங்கள் கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு, பல்லில் பட்டால் ரத்தம் வரும் என்று. தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். பயந்த பிள்ளை மேல் அண்ணத்தில் ஒட்டிய நற்கருணையை என்ன செய்வதென்று தெரியாமல் அழுதுகொண்டு நிற்கும்.

வேறு மதத்துப் பள்ளித் தோழன் கோவிலுக்கு வந்தால் அவனுக்கு ஏன் தரமாட்டார்கள் என்ற கேள்வியும் வரும். அவன் தாழ்ந்தவன் என்ற எண்ணம் பிள்ளை மனதில் ஒரு துளியும் விழக்கூடாது. “கிறிஸ்துவின் திருவுடல்” என்று ஃபாதர் சொல்லும்போது நாம் “ஆமென்”, அதாவது ஆம், நம்புகிறேன் என்கிறோம். நம்பாத ஒருவரை அப்படிச் சொல்ல வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. என் மகனுக்கு இந்த விளக்கம் போதுமாயிருந்தது. தோழனின் சாமியைப் பற்றி விவாதம் செய்யக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

வார்த்தையைவிடப் பிள்ளைகள் உடம்பைத்தான் கவனிக்கிறார்கள். வார நாளில், கோவில் காலியாக இருக்கும் நேரத்தில், 10 நிமிடம் கூட்டிப் போங்கள். நற்கருணையை வைத்திருக்கும் பேழையையும் அருகே எரிகிற விளக்கையும் காட்டுங்கள். நீங்கள் முழந்தாளிடுங்கள், பேசாமல் இருங்கள். பூசையில் மணி அடித்து நற்கருணையை உயர்த்தும்போது நம் பெரியவர்கள் மெல்லச் சொல்வார்களே, ‘என் ஆண்டவரே, என் கடவுளே’ என்று, அதைச் சொல்லப் பழக்குங்கள். அது இயேசுவின் சீடர் தோமாவின் வார்த்தை. இயேசு உயிர்த்தார் என்பதைச் சந்தேகப்பட்டவர் சொன்னது. சென்னையில் இருப்பவர்கள் அவரோடு தொடர்புள்ள பரங்கிமலைக்கோ சாந்தோமுக்கோ பிள்ளையைக் கூட்டிப்போய் அந்தத் தோமாவைப் பற்றி அங்கேயே பேசலாம். சந்தேகம் கேட்பது பாவம் இல்லை என்று என் மகளுக்கு அங்கே வைத்துத்தான் சொன்னேன்.

இன்னொருவர் கார்லோ அகுதிஸ். 7 வயதில் புதுநன்மை வாங்கிய இத்தாலியச் சிறுவன். கணினியில் கெட்டிக்காரன், நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையதளம் செய்தவன். 2006-இல் 15 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனான். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதர் பட்டம் பெற்றார். அசிசியில் அவர் உடல் ஜீன்ஸும் ஷூவும் அணிந்தபடி வைக்கப்பட்டிருக்கும் படத்தைக் காட்டினால், புனிதர் என்றால் பழங்காலத்து ஆள் என்ற எண்ணம் பிள்ளைக்குப் போய்விடும்.

மனவளர்ச்சியில் வேறுபாடு உள்ள பிள்ளை என்றால் ஒதுங்கி நிற்காதீர்கள். எல்லாச் செபமும் மனப்பாடம் ஆகியே தீர வேண்டும் என்று இல்லை. இது சாதாரண உணவு அல்ல என்று தன் வழியில் உணர்ந்தால் போதும் என்ற அணுகுமுறை திருச்சபையில் உண்டு. சாமியாரிடம் தனியாகப் பேசுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குக் குளூட்டன் மிகக் குறைந்த அப்பம் உண்டு. அதை வரவழைக்க நாளாகும் என்பதால் ஜனவரியிலேயே சொல்லிவிடுங்கள்.

5. முதல் பாவசங்கீர்த்தனம்

பாவசங்கீர்த்தனம் என்பது செய்த பாவங்களை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது. புதுநன்மைக்கு முன்னால் இது கட்டாயம். எங்கள் பங்கில் புதுநன்மைக்கு 2 நாள் முன்பு வைத்தார்கள். அதற்கு முன்பே ஒரு நாள் கோவிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டியை, அதாவது ஃபாதர் உட்கார்ந்து கேட்கும் கூண்டை, காட்டி, எங்கே முழந்தாளிடுவது, முதலில் என்ன சொல்வது என்று பழக்கிவிடுங்கள். பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மனத்துயர் செபம் பதற்றத்தில் மறந்துபோகும். மறந்தால் “மறந்துட்டேன் ஃபாதர்” என்று சொன்னால் அவரே சொல்லித் தருவார் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

பிள்ளையின் பாவங்களை நீங்கள் பட்டியல் போட்டுக் கொடுக்காதீர்கள். தம்பியை அடித்தது, பொய் சொன்னது என்று நாம் அடுக்கினால், அது நம் புகார் ஆகிவிடும். பத்துக் கட்டளைகளை வைத்து அவர்களே யோசிக்கட்டும். வெளியே வந்ததும் “என்ன சொன்னே, என்ன பரிகாரம் கொடுத்தாரு” என்று கேட்கவும் வேண்டாம். ஃபாதர் யாரிடமும் சொல்லமாட்டார் என்று நம்பித்தான் பிள்ளை உள்ளே போகிறது.

6. செலவு

2025 மே மாதம் மகனுக்கு எங்களுக்கு ஆனது: வெள்ளைச் சட்டை, பேண்ட் 1,600 ரூபாய். ஷூ 750. மெழுகுவர்த்தி, செபமாலை, செபப் புத்தகம் எல்லாம் சேர்த்து 480. அலங்காரம், குழுப் போட்டோ, காலை உணவுக்கென்று பெற்றோர் சேர்ந்து போட்டது தலைக்கு 1,000. சான்றிதழுக்கு ஊர்க் கோவிலில் 100 காணிக்கை. மகளுக்குக் கவுன், கிரீடம், தலையில் போடும் நெட் என்று உடைக்கு மட்டுமே 4,200 ஆகியிருந்தது. இப்போது யோசித்தால் அதில் பாதி போதும். எல்லோருக்கும் ஒரே மாதிரி எளிய அங்கி என்று முடிவு செய்த பங்குகள் உண்டு. உங்கள் பெற்றோர் கூட்டத்திலும் அதை எழுப்பிப் பாருங்கள்.

வசதி இல்லாதவர்கள் இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். ஏழ்மையைக் காரணமாக வைத்து யாருக்கும் அருட்சாதனம் கிடைக்காமல் போகக்கூடாது என்பது திருச்சபைச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. சாமியாரிடமோ சிஸ்டரிடமோ சொன்னால் உடைக்கும் வழி பண்ணுவார்கள். சென்ற வருடப் பிள்ளைகளின் உடை பல வீடுகளில் சும்மாதான் இருக்கிறது.

7. மே மாதமும் அந்தக் காலையும்

கடைசி 10 நாள் அல்லது 2 வாரம் தினமும் வகுப்பு இருக்கும். அந்த நேரத்தில் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. உறவினர் வர வேண்டுமானால் மார்ச் தொடக்கத்திலேயே தேதியைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

நற்கருணையைக் கையில் வாங்குவதா நாவிலா என்று சிஸ்டர் சொல்வதையே வீட்டிலும் பழக்குங்கள். கையில் என்றால், வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளை இடது உள்ளங்கையை மேலே, வலதைக் கீழே வைக்க வேண்டும். அங்கேயே நின்று உட்கொள்ள வேண்டும். நடந்துகொண்டே சாப்பிடக் கூடாது.

சாப்பாடு விஷயத்தில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு ஏமாறாதீர்கள். நள்ளிரவிலிருந்து பட்டினி என்பது பழைய விதி. இப்போது நற்கருணை வாங்குவதற்கு முந்தின ஒரு மணி நேரம்தான். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையே இல்லை. பூசை 7:30-க்கு என்றால் நற்கருணை 8:20 வாக்கில் வரும். 6:45-க்குள் 2 இட்லி கொடுத்துவிடலாம். மகள் வருடத்தில், மே மாத வெயிலில், வெறும் வயிற்றோடு வந்த 2 பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள்.

மெழுகுவர்த்தியும் நெட்டும் ஆகாது. எரிகிற மெழுகுவர்த்தியோடு நெருக்கமாக நடக்கும்போது முன்னால் போகும் பிள்ளையின் நெட்டில் பிடித்துக்கொள்ளும். நெட்டைத் தோளுக்குப் பின்னால் பின் குத்தி வையுங்கள். வரிசையில் இடைவெளி விடச் சொல்லுங்கள். முடிந்தால், மெழுகுவர்த்தியை ஞானஸ்நான வாக்குறுதி புதுப்பிக்கும் நேரத்தில் மட்டும் ஏற்றலாமா என்று கேளுங்கள்.

போட்டோவுக்காகப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கச் சொல்லாதீர்கள். நற்கருணை வாங்கி இருக்கைக்கு வந்த அந்த 5 நிமிடம் அவர்களுடையது.

8. அடுத்த ஞாயிறு

புதுநன்மைச் சான்றிதழை அந்த வாரமே வாங்கி, பங்கில் தரும் குடும்ப அட்டையில் தேதியைப் பதிய வையுங்கள். பிறகு வரும் அருட்சாதனமான உறுதிபூசுதலுக்குக் கேட்பார்கள். நகல் ஒன்றை ஞானஸ்நானம் கொடுத்த ஊர்க் கோவிலுக்கும் கொடுத்து வைப்பது நல்லது.

பிறகு அடுத்த ஞாயிறு பூசைக்குக் கூட்டிப்போங்கள். சாதாரண உடுப்பு போதும். விருந்து முடிந்த களைப்பில் அந்த ஞாயிறைத் தவறவிடும் குடும்பங்கள்தான் அதிகம், நாங்களும் மகள் விஷயத்தில் தவறவிட்டோம். மகனோடு போனோம். வீடு திரும்பும்போது என்ன தோன்றியது என்று மட்டும் கேட்டேன். “போன வாரம் பயமா இருந்துச்சு, இன்னிக்கு இல்ல” என்றான். ஜூன் முதல் வெள்ளிக்கு முன்னால் இரண்டாவது பாவசங்கீர்த்தனத்துக்கு அவனோடு நானும் மகளும் வரிசையில் நின்றோம்.